பதினோரு நிமிடம்

கவரைப்பேட்டை
4 ஜூலை 2025

சேசுவுக்குப் புகழ். வருங்காலப் புனிதை, ஏற்காட்டு மலையின் மேகங்களைப் போர்வையாக இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கும் என் மருமகள் சுகிர்தாவுக்கு, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் காலதேவனும் உன் தாய்மாமனுமாகிய சாலமோன் எழுதுவது. வலது முட்டி, இடது கண், இரண்டு கடைவாய்ப் பற்கள் நீங்கலாக நான் முழு நலம். உன் நலத்தை மலையிலிருந்து யாராவது கீழே உருட்டிவிடவும்.

செல்போனைப் பிடுங்கிக்கொண்டு கடிதம் மட்டும் போதும் என்று சொல்லிவிட்ட உன் கன்னியர் மடத்து மதருக்கும் வணக்கம். அவர் படித்துவிட்டுத்தான் உனக்குத் தருவார் என்று தெரியும். மதர், இருமல் எப்படி இருக்கிறது?

உன் அம்மா, அதாவது என் அக்கா கன்னியம்மா, நலம். உன் அண்ணன் ஸ்டீபனை என் சிபாரிசில் எங்கள் கம்பி ஆலையில் சேர்த்துவிட்டேன். ஆலை என்றால் சாதாரண ஆலையா? அதன் புகைபோக்கியில் ஏறி நின்றால் இலங்கையில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று தெரியும். இங்குள்ள கொசு போன வாரம் ஒரு செக்யூரிட்டியை ஆரம்பாக்கம் வரை தூக்கிக்கொண்டு போய், எடை தாங்காமல் இறக்கிவிட்டு வந்தது.

என் ராஜ்ஜியத்தைப் பற்றிச் சொல்கிறேன். கேட்டில் முந்நூறு பேர் விரல் வைக்கிற மெஷின். அதன் பின்னால் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். அதன் பின்னால் பத்தொன்பது வருடக் கான்ட்ராக்ட் குமாஸ்தாவாகிய நான். போன ஆயுத பூஜையன்று செக்யூரிட்டிகள் அதில் கிரிக்கெட் பார்த்துவிட்டார்கள். எச்.ஆர். பரசுராமன் நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டார். அன்று முதல் அந்தக் கம்ப்யூட்டர் நாளுக்கு இரண்டு வினாடி முந்திக்கொண்டு ஓடுகிறது. இன்றைய நிலவரம், ஒன்பது நிமிடம்.

ஆறு மணி ஷிப்டுக்கு ஐந்து ஐம்பத்திரண்டுக்கு வந்து விரல் வைக்கிறவன் கம்ப்யூட்டர் பார்வையில் ஆறு ஒன்று. லேட்! மாதத்தில் மூன்று லேட் ஆனால் ஒரு வாரம் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். செல்போன், வாட்ச் எல்லாம் கேட்டில் பெட்டியில் போட்டுவிடுவதால் எவனாலும் வாதாட முடியாது. ஆனால் வீட்டுக்குப் போகிற சைரனைப் பரசுராமன் தன் செல்லைப் பார்த்து ஊதுகிறார். அது மிகச் சரியான நேரம். உலகத்தில் சூரியன் ஒன்று, சந்திரன் ஒன்று, எங்கள் ஆலைக்கு மட்டும் காலம் இரண்டு. இரண்டுக்கும் நடுவில் உன் மாமன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஜெபத்தில் என் முட்டியைச் சேர்த்துக்கொள்.

இலங்கை வரை புகழ் பரப்பும்,
சாலமோன்

⁂

ஏற்காடு
16 ஜூலை 2025

அன்புள்ள மாமா,

மரியாயே வாழ்க. நான் நலம். குளிர் பழகிவிட்டது. உங்கள் முட்டிக்காக ஜெபித்தேன். கடைவாய்ப் பல்லுக்கு டாக்டரிடம் போகவும்.

ஓய்வு நேரத்தில் மதர் உங்கள் கடிதத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார்கள். கொசுவைக் கேட்டு சிஸ்டர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நான் ஒன்பது நிமிடத்திலேயே நின்றுவிட்டேன்.

மாமா, அது விளையாட்டு இல்லை. எந்தக் கம்ப்யூட்டருக்கும் தானாக மணி தெரியாது. அதனுள் இருக்கும் கடிகாரம் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். அதனால் வெளியில் இருக்கும் நேர சர்வர்களிடம் அவ்வப்போது மணி கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். ஒயரைப் பிடுங்கியதால் கேட்க ஆளில்லாமல் தனக்குத் தோன்றிய மணியை உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கிறது. அம்பத்தூரில் இரண்டு வருடம் சர்வர் பார்த்தவள் சொல்கிறேன். தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

முதலில் timedatectl என்று தட்டிப் பாருங்கள். ஒத்திசைவு இல்லை என்று அதுவே சொல்லும்.

திருத்துவதற்கு முன்னால், கேட் நோட்டில் இன்ன தேதி, இத்தனை நிமிடம் வேகம் என்று எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போடுங்கள். இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். எழுதாமல் திருத்தினால் பழைய பதிவெல்லாம் உண்மை மாதிரியே நின்றுவிடும்.

பிறகு ஒயரைச் சொருகி, நேரம் திருத்தும் க்ரோனி சர்வீஸை ஓடவிடுங்கள். அது கடிகாரத்தை மெல்ல மெல்லப் பின்னுக்கு இழுக்கும். ஒரே தாவலில் திருத்தவும் ஒரு கட்டளை உண்டு:

chronyc makestep

அதை ஆலை மூடியிருக்கும் நாளில் மட்டும் தட்டலாம். ஆள் வந்து போகும் நாளில் தட்டினால் ஒரே மணி இரண்டு தடவை வந்து பதிவில் நேரம் கிழிந்துபோகும்.

ஸ்டீபன் எத்தனை லேட் வாங்கியிருக்கிறான்? நீங்கள் எழுதவில்லை.

அன்புடன்,
சுகிர்தா

⁂

கவரைப்பேட்டை
2 செப்டம்பர் 2025

சேசுவுக்குப் புகழ், அவருடைய பொறுமைக்கு இன்னும் புகழ். ஆறு வாரமாகப் பதில் எழுதாத மாமனை மன்னித்திருப்பாய், மன்னிப்பதுதானே உன் படிப்பு? நான் நலம். ஒரு பல் போனது. பிடுங்கிய டாக்டர் அதைத் தூக்க முடியாமல் இரண்டு நர்சுகளைக் கூப்பிட்டார்.

ஆடி மாதம் முழுக்கப் பெரியபாளையத்துக்குப் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் தொங்கி, தொங்கி, என் உயரம் அரை அடி கூடிவிட்டது. உன் அம்மா நலம். என் அரை அடியை நம்ப மறுக்கிறாள்.

உன் கட்டளைகளை எடுத்துக்கொண்டு பரசுராமன் சந்நிதிக்குப் போனேன். அவர் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அரைப் பூரியை வாயில் வைத்தபடி திருவாய் மலர்ந்தார்:

"இன்னாய்யா சாலமோன், ஓடிக்கினு இருக்கிற கெடியாரத்த ஏன் நோண்டுற? லேட்டுன்னு பயம் இருந்தாத்தான் சீக்கிரம் வருவானுங்க. மணிய நான் பாத்துக்கறேன். நீ விரலப் பாரு."

நானும் விரலைப் பார்க்கிறேன். கெடியாரம் இப்போது பதினோரு நிமிடம் வேகம். இதே வேகத்தில் போனால் தீபாவளிக்குள் எங்கள் ஆலை அடுத்த நூற்றாண்டுக்குள் நுழைந்துவிடும். போன வாரம் ஒருவன் வேலையில் சேருவதற்கு முன்பே ரிடையர் ஆகி, மாலையோடு வீட்டுக்குப் போனான்.

ஸ்டீபனைக் கேட்டாயே. போன மாதம் இரண்டு. மூன்றாவது வருவதற்குள் மாதம் முடிந்து தப்பித்தான். நேற்று இந்த மாதத்து முதல் லேட். அவன் விரல் வைத்ததும் மெஷின் 'டொய்ங்' என்று அழுதது. நான் எழுந்து நின்று, "வருக வருக, பதினோரு நிமிஷம் லேட்டா பொறந்த மகாராஜாவே!" என்று கூவினேன். வரிசையில் நின்ற முப்பது பேரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அக்கா பெற்றதில் நகைச்சுவை உணர்ச்சி எல்லாம் உனக்கே போய்விட்டது போலிருக்கிறது.

மதருக்கு வணக்கம். இந்தக் கடிதத்தையும் வாசிக்கச் சொல். பல்லைப் பற்றிய பகுதியில் கொஞ்சம் குரலை உயர்த்தி.

அரை அடி வளர்ந்த,
சாலமோன்

⁂

கவரைப்பேட்டை
21 செப்டம்பர் 2025

சேசுவுக்குப் புகழ். அன்பு சுகிர்தா, நான் நலம். நீ நலமாக இருப்பாய். மழை ஆரம்பித்துவிட்டது.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். உன் ஆசை நிறைவேறிவிட்டது! ஒன்பதாம் தேதி உன் கடிதத்தை மேஜை மேல் விரித்து, கிழக்குப் பார்த்து உட்கார்ந்து, பரசுராமனே தன் பொற்கரத்தால் ஒயரைச் சொருக, நீ எழுதிய கடைசிக் கட்டளையைத் தட்டினேன். ஒரே தாவல்! அனுமார் கடலைத் தாண்டினதெல்லாம் இதற்கு முன்னால் சாக்கடை தாண்டின மாதிரி. இப்போது எங்கள் கெடியாரம் டெல்லியில் இருக்கிற கெடியாரத்துக்கே மணி சொல்லித் தருகிறது. வினாடி சுத்தம். பரசுராமன் என் தோளில் கை போட்டு, "உன் மருமவள் பெரிய படிப்பாளிய்யா" என்றார். பத்தொன்பது வருடத்தில் என் தோள் மேல் அவர் கை வைத்தது இதுதான் முதல் தடவை.

இன்னொரு சின்ன விஷயம். அன்றைக்குக் காலையில் ஸ்டீபனுக்கு வலது கையில் அடிபட்டது. ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்க்கிறார்கள். உன் அம்மா கூடவே இருக்கிறாள். பயப்படாதே.

ஒரு உதவி. இந்தக் கம்ப்யூட்டர் தான் செய்வதையெல்லாம் உள்ளே டைரி எழுதி வைக்கிறதாமே, பரசுராமன் சொன்னார். அந்த டைரி தொப்பை போட்டு மெஷின் மூச்சு வாங்குகிறது. தொப்பை கரைய ஒரு மருந்து எழுதி அனுப்பு. சீக்கிரம் அனுப்பினால் நல்லது.

மாமா,
சாலமோன்

⁂

ஏற்காடு
3 அக்டோபர் 2025

அன்புள்ள மாமா,

மரியாயே வாழ்க. நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

வலது கையில் அடி என்றால் எங்கே? விரலா, மணிக்கட்டா? எப்படி? நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை. வீட்டுக்குப் போக அனுமதி கேட்டேன். பயிற்சியின் முதல் வருடம் முடிகிற வரை வழியில்லை, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்தான் என்றார்கள். மதர் ஸ்டீபனுக்காக ஒன்பது நாள் ஜெபமாலை சொல்லச் சொன்னார்கள். சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கடிகாரத்தைத் திருத்தியதற்கு நன்றி. அந்த முந்நூறு பேருக்காகச் சந்தோஷப்பட்டேன். ஆனால் ஏன் ஒரே தாவலில்? ஒன்பதாம் தேதி வேலை நாள் ஆயிற்றே. கேட் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினீர்களா?

டைரியைக் குறைக்கும் கட்டளையைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். பழையதை மட்டும் அழியுங்கள். கடைசி மூன்று மாதத்தைத் தொடாதீர்கள். மனிதர்கள் மறந்துவிடுவதை அதுதான் ஞாபகம் வைத்திருக்கும்.

அண்ணன் கையைப் பற்றி உடனே எழுதுங்கள். விளையாட்டு வேண்டாம்.

சுகிர்தா

⁂

கவரைப்பேட்டை
19 நவம்பர் 2025

சேசுவுக்குப் புகழ். அன்பு மருமகளே, ஏழு வாரம் ஆகிவிட்டது. மழையில் தபால்காரனே மிதந்துகொண்டிருக்கும்போது கடிதம் எப்படி வரும்? நான் நலம். முட்டி வலி போய்விட்டது. உன் ஜெபம்தான்.

உட்கார்ந்துகொண்டு படி. உன் மாமன் பெர்மனன்ட்! டைம் ஆபீசர் சாலமோன்! பெயர்ப்பலகை வந்துவிட்டது. அதைச் சுமந்துவர இரண்டு கிரேன். ஆர்டரைக் கொடுக்கும்போது பரசுராமன் கண் கலங்கினார், அல்லது அவர் பக்கத்தில் வெங்காயம் இருந்தது.

கேட் நோட்டு மழையில் நனைந்துவிட்டது. டைரியின் தொப்பை நன்றாகக் கரைந்துவிட்டது. மெஷின் இப்போது கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது.

ஸ்டீபன் வீட்டில்தான் இருக்கிறான். இடது கையால் டீ குடிக்கப் பழகிவிட்டான். கெட்டிக்காரன். ஆண்டவர் ஒன்றை எடுத்தால் இன்னொன்றை மிச்சம் வைக்கிறார்.

கிறிஸ்துமஸுக்கு உனக்குக் கேக் அனுப்புகிறேன். மலைப்பாதையில் லாரி ஏறுமா என்று விசாரித்துச் சொல்.

டைம் ஆபீசர்,
சாலமோன்

⁂

கவரைப்பேட்டை
28.11.2025

சுகி,

நல்லா இருக்கியா. நான் ஸ்டீபன். இடது கையால எழுதுறேன், கோணலா இருக்கும். இந்த ஒரு பக்கத்துக்கு மூணு நாளாச்சு. அம்மாவுக்கு எழுத வராது, மாமா உனக்கு எல்லாம் எழுதிட்டேன்னு சொன்னாரு. போன வாரம் அவுரு நம்ம ஊட்டுக்கு வந்தப்ப, "வலது கை போச்சுன்னு எழுதுனியா"ன்னு கேட்டேன். "டீ குடிக்கிறான்னு எழுதுனேன்"னாரு. அப்பதான் தெரிஞ்சுது.

மணிக்கட்டுக்குக் கீழ இல்ல சுகி.

அன்னிக்கு அஞ்சு அம்பத்திரண்டுக்கு கேட்டுக்குப் போனேன். ரயில் டேசன்ல போன்ல மணி பாத்துக்கினு ஓடியாந்தேன், அதான் தெரியும். விரல் வெச்சேன், ஆறு மூணு. அந்த மாசத்துல அது மூணாவது லேட்டு. மாமா எழுந்து நின்னு கை தட்டுனாரு. "மகாராஜா! ஒரு வாரம் ஊட்டுல பள்ளிகொள்ளுங்க"ன்னாரு. எல்லாரும் சிரிச்சானுங்க. எனக்கு இன்னா பண்றதுன்னு தெரியல. போர்மேன் கையில கால்ல உழலாம், அதுக்கு முன்ன மெசின ஓட்டி ரெடியா வெச்சா எரக்கப்படுவாருன்னு ஓடுனேன். கிளவுஸ சரியா மாட்டல. ரோலர் இழுத்துகிச்சு.

ஆம்புலன்ஸ்காரன் நோட்டுல போன் வந்த மணி அஞ்சு அம்பத்தொம்போது. கேட்டு மெசின்ல நான் உள்ள வந்த மணி ஆறு மூணு. அதுபடி பாத்தா, நான் கம்பெனிக்குள்ள நுழையறதுக்கு நாலு நிமிசம் முன்னாடியே எனக்கு கை போச்சு. வெளிய எங்கயோ ரயில்ல அடிபட்டு உள்ள வந்து நடிச்சேன்னு கம்பெனி எழுதிக் குடுத்துட்டாங்க. டூட்டில நடந்த விபத்து இல்லியாம். நஷ்டஈடு கேஸ் நிக்காதாம். ஜனவரி எட்டாந்தேதி திருவள்ளூர்ல விசாரண.

கெடியாரம் பாஸ்ட்டுன்னு சொன்னேன். லேபர் ஆபீசர் வந்து பாத்தாரு. வினாடி கரெக்டா இருந்திச்சு. முந்நூறு பேருக்கும் தெரியும். எவனும் வரமாட்டான், வந்தா வேல பூடும். கேட் ரிப்போட்டுல ஆறு மூணுன்னு கையெழுத்து போட்டவரு மாமா.

அம்மாகிட்ட இதச் சொல்லல. அது அவுருக்கு மீன் கொழம்பு வெச்சிக்கினு இருக்கு.

ஸ்டீபன்

⁂

ஏற்காடு
12 டிசம்பர் 2025

மாமா,

மரியாயே வாழ்க. நலம் விசாரிக்கவில்லை.

அண்ணன் எழுதினான். நான் உங்களுக்கு மூன்று காரியம் எழுதினேன். நோட்டில் எழுதுங்கள் என்றேன், அதை விட்டுவிட்டீர்கள். மெல்லத் திருத்துங்கள் என்றேன், அதையும் விட்டுவிட்டீர்கள். செய்யாதீர்கள் என்று சொன்ன ஒன்றை மட்டும் செய்தீர்கள், அதுவும் அவன் ரத்தம் காய்வதற்குள். கடிகாரம் தாவும்போது எத்தனை வினாடி பின்னால் தாவினேன் என்று அந்த டைரியில் எழுதி வைக்கும். அந்த ஒரு வரி போதும், அண்ணன் கேஸ் பிழைத்திருக்கும். அதை அழிக்கவும் நான்தான் கட்டளை எழுதித் தந்தேன். இரண்டு தடவையும் என் கையால் செய்திருக்கிறீர்கள். ஜெபமாலை பிடிக்கும்போது இந்தக் கையைத்தான் பார்க்கிறேன்.

உங்களுக்குப் பயம் என்று தெரியும். கெடியாரம் தப்பு என்றால் டைம் ஆபீஸ் தப்பு, முந்நூறு பேருடைய லேட்டும் உன் தலையில்தான் என்று பரசுராமன் சொல்லியிருப்பார். அதற்குப் பயந்திருப்பீர்கள். பெர்மனன்ட் ஆர்டர் பிறகுதான் வந்திருக்கும். சரிதானே?

ஆனால் நீங்கள் அழிக்க மறந்த ஒன்று என்னிடம் இருக்கிறது. ஜூலை 4, செப்டம்பர் 2. உங்கள் கையெழுத்து, உங்கள் தேதி, கவரைப்பேட்டைத் தபால் முத்திரை. ஒன்பது நிமிடம் என்றும் பதினோரு நிமிடம் என்றும் விபத்துக்கு முன்பே எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன். ஜனவரி எட்டாம் தேதி திருவள்ளூரில் விசாரணை அதிகாரியிடம் கொடுப்பான்.

உங்களையும் கூப்பிடுவார்கள். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். "இதில் எழுதியிருப்பது உண்மை." ஐந்து ஐம்பத்திரண்டுக்கு அவன் வந்ததைப் பார்த்த கண் உங்களுடையது.

கேக் வேண்டாம்.

சுகிர்தா

⁂

கவரைப்பேட்டை
11 ஜனவரி 2026

சேசுவுக்குப் புகழ். சுகிர்தா, நான் நலந்தான். நீ கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

திருவள்ளூருக்குப் போனேன். உன் அம்மா எனக்கும் சேர்த்துத்தான் தயிர்சாதம் கட்டிக்கொண்டு கூட வந்து, வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். ஹால் என்றால் ஹாலா அது, இந்தப் பக்கம் நின்று தும்மினால் அந்தப் பக்கம் மறுநாள்தான் கேட்கும். ஸ்டீபன் முதல் பெஞ்சில் இருந்தான். சட்டைக் கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தான். பரசுராமன் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் விடுகிற மூச்சு என் பிடரியில் பட்டது.

அதிகாரி கண்ணியமான ஆள். பொறுமையாக இரண்டு கடிதத்தையும் எடுத்தார். முதலிலிருந்து சத்தமாகப் படித்தார். இலங்கைக் குழம்பு வந்ததும் டைப்பிஸ்ட் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கொசு வந்ததும் கம்பெனி வக்கீல் விழுந்து விழுந்து சிரித்தார். பல் வந்ததும் வாசலில் நின்ற பியூன் உள்ளே வந்துவிட்டான். அதிகாரியே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சுகிர்தா, என் வாழ்நாளில் இவ்வளவு பேர் சேர்ந்து எனக்குச் சிரித்ததில்லை.

"சாலமோன், கொசு செக்யூரிட்டியத் தூக்கிக்கிட்டு ஆரம்பாக்கம் போச்சா?"

"இல்லீங்க சார்."

"வேலையில சேரறதுக்கு முன்னாடி ரிடையர் ஆனாரே, அவர் பேர் என்ன?"

"அப்படி யாரும் இல்லீங்க சார்."

"அரை அடி வளந்தீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப இந்தப் பதினோரு நிமிஷம்?"

சிரிப்பு நின்றது. ஸ்டீபன் திரும்பி என்னைப் பார்த்தான். மூச்சும் பிடரியில் நின்றது.

நான் எழுந்து நின்றேன். கேட்டில் அவனுக்காக எழுந்து நிற்பேனே, அப்படித்தான். கையை விரித்தேன்.

"சார், நான் சின்ன வயசுலேர்ந்து சும்மா அளக்கறவன் சார். கொழந்தைங்க சிரிக்கணும்னு எழுதறதுதான். அதுல ஒரு எழுத்து நெசம் கெடையாது சார்."

மறுபடியும் சிரித்தார்கள். அதிகாரிகூட. "நல்ல கற்பனைங்க உங்களுக்கு" என்று கடிதங்களை ஓரமாக வைத்தார்.

ஸ்டீபனும் சிரித்தான். நான் சொல்லி அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மதியம் மூவருமாகத் தயிர்சாதம் சாப்பிட்டோம். உன் அம்மா, "இன்னாடா சொன்னாங்க?" என்று கேட்டாள். "சிரிச்சாங்கக்கா" என்றேன்.

நான் என்ன செய்ய, சொல். இன்னும் ஆறு வருடம் சர்வீஸ் இருக்கிறது.

சாலமோன்

⁂

ஏற்காடு
20 ஜனவரி 2026

மாமா,

மதர் இப்போதெல்லாம் உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டுவதில்லை. இந்த முறை கவரைப் பிரித்துப் படித்துவிட்டு, என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். புதிதாக வந்த நவகன்னி ஒருத்தி, "கொசு மாமா எழுதலையா?" என்று கேட்டாள். எழுதினார் என்றேன்.

இனி நீங்கள் எழுதினால் மேலே தேதி போட வேண்டாம். நான் நம்பமாட்டேன்.

சுகிர்தா

⁂

கவரைப்பேட்டை

சுகிர்தா,

நீ சொன்னபடி தேதி போடவில்லை. எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு என் பக்கத்தில்தான் உட்காருகிறாள்.

கம்பெனி ஸ்டீபனுக்கு வேலை கொடுத்திருக்கிறது. விபத்து வெளியில் நடந்தது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மனிதாபிமான அடிப்படையில் என்று ஆர்டர் போட்டார்கள். கையெழுத்தை இடது கையால் போட்டான். கேட்டில் உதவியாளர். டைம் ஆபீசருக்கு உதவி. என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்.

யாரும் இப்போது லேட் ஆவதில்லை. மெஷின் சரியாக இருக்கிறது. நான் வரிசையைப் பார்த்து ஒன்றும் பேசுவதில்லை. இரண்டு பேர் கேட்டார்கள், "இன்னா சார், உடம்பு சரியில்லியா?" என்று.

ஸ்டீபன் நாள் முழுக்க என்னிடம் பேசமாட்டான். காலையில் ஒரே ஒரு தடவை மட்டும் பேசுவான். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பாமல், என் முகத்தைப் பார்த்துக் கேட்பான்.

"மாமா, மணி இன்னா?"

நான் திரையைப் பார்த்துச் சொல்வேன்.

"அஞ்சு அம்பத்திரண்டு."

அவன் இடது கையால் பையிலிருந்து செல்லை எடுத்துப் பார்ப்பான். கேட்டில் வேலை செய்கிறவர்களுக்குச் செல் உண்டு.

"கரெக்ட்" என்பான்.

தினமும் கேட்கிறான். ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு அந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

சாலமோன்